மண் மறைந்தாலும் படம் மறையாது!

மார்கழி மாதம். பொழுது இன்னும் புலரவில்லை.

பண்ருட்டியை அடுத்துள்ள திருவதிகை மெல்லக் கண் விழிக்கிறது. கோவில் மணி அடிக்கிறது. கெடிலம் ஆற்றின் மேல் மூடுபனி படர்ந்து கிடக்கிறது. எதிர்க்கரை தெரியவில்லை. தென்னை மரங்களின் தலை மட்டும் தெரிகிறது. உடல் எங்கே? பனிக்குள்ளே!

சூரியன் எழுகிறது. வெள்ளைப் பனி பொன் பனி ஆகிறது. வீரட்டானேசுவரர் கோவில் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. கண்கொள்ளாக் காட்சி! ஆனால் வெயில் ஏறியதும் அவ்வளவும் மறைந்துவிடுகிறது.

மறைந்த காட்சியை மீண்டும் பார்க்க முடியுமா?

முடியும். அதற்குத்தான் காமிரா இருக்கிறது!

திருவதிகை மிகப் பழைய ஊர். அப்பர் சுவாமிகளின் சூலை நோய் தீர்ந்த தலம் இது. அவர் பாடிய பதிகத்திலேயே கெடிலத்தின் பெயர் வருகிறது. அவர் காலம் 7-ஆம் நூற்றாண்டு. அன்று அந்த ஆறு எப்படி இருந்தது? பாட்டு இருக்கிறது, படம் இல்லை. அன்று காமிரா இல்லை.

இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. அதற்குள் காமிரா இருக்கிறது. ஆனால் அழகான காட்சி என்றால் ஊட்டிக்கும் காஷ்மீருக்கும்தான் போக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். காலடியில் உள்ள மண்ணை யாரும் படம் எடுப்பதில்லை.

பனி வருவது எப்படி?

இரவில் வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு மேலே போய்விடும். தரை குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். ஆற்றங்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் மிகச் சிறிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கும். அதுதான் மூடுபனி.

பலமாகக் காற்று அடித்தால் பனி நிற்காது. வெயில் ஏறினாலும் நிற்காது. ஆகவே படம் எடுப்பவர் சூரியனுக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றில் தண்ணீர் வருகிறது. அடுத்து மார்கழி, தை மாதங்களில் பனி வருகிறது. நீரும் பனியும் சேர்ந்து கிடைக்கும் காலம் அதுவே.

செக்கச் சிவந்த குன்று

திருவதிகையில் குன்று இல்லை. ஆற்றோடு கிழக்கே போனால் குன்றும் கிடைக்கும். கெடிலம் கடலூரில் கடலோடு கலக்கிறது. அதற்கு முன் ஆற்றின் தென்புறம் சிவந்த மேடு ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் பெயர் கேப்பர் மலை. கேப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பெயர் அதற்கு வந்துவிட்டது. தேவநாத சுவாமி கோவில் உள்ள திருவந்திபுரமும் இந்தப் பக்கம்தான்.

கேப்பர் மலை உயரமான மலை அல்ல. ஆனால் அதன் நிறம்! மழைத் தண்ணீர் அதை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்திருக்கிறது. காலை வெயில் பட்டால் குங்குமம் கொட்டியது போல் சிவக்கிறது.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது? மிக நெடுங்காலத்துக்கு முன்பு தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த மணல் இங்கே படிந்தது. நாளடைவில் இறுகிக் கல் ஆயிற்று. அதில் இரும்புச் சத்து இருக்கிறது. இரும்பு துருப்பிடித்தால் சிவக்கும் அல்லவா? அதே சிவப்புதான் இது. "கடலூர் மணற்கல்" என்று நில நூல் அறிஞர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் இதே மணற்கல் உண்டு. அங்கே மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்! 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஜெர்மனியில் ஒரு முன்னோடி

மணற்கல் குன்றையும் ஆற்றுப் பனியையும் படம் பிடிக்கும் ஆசை புதியது அல்ல. ஜெர்மனியில் எல்பா ஆற்றின் கரையில் பாஸ்தை என்ற மணற்கல் பாறை இருக்கிறது. அது ஆற்றுக்கு மேல் 194 மீட்டர் உயரம். 1853-ஆம் ஆண்டில் ஹெர்மன் குரோனே என்பவர் அங்கே காமிராவுடன் போனார்.

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூச வேண்டும். அது காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். அதனால் இருட்டுக் கூடாரத்தையும் மலைக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. குரோனே சலிக்கவில்லை. ஜெர்மனியின் இயற்கைக் காட்சிப் படக்கலைக்கு அவர் முன்னோடி என்று இன்று போற்றுகிறார்கள்.

வைகையைப் பிடித்த காமிரா

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. சென்னை அரசாங்கம் அவரைப் படம் எடுக்க நியமித்தது. 1857, 1858-ஆம் ஆண்டுகளில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதத்தில் படம் எடுத்தார்.

கோவில்களோடு அவர் நிற்கவில்லை. மதுரை யானைமலையை எடுத்தார். வைகை ஆற்றையும் எடுத்தார். ஆனால் 1859-இல் கவர்னராக வந்த டிரெவெலியன் இந்த வேலையை நிறுத்திவிட்டார். இது வீண் ஆடம்பரச் செலவு என்பது அவர் எண்ணம்!

ஆடம்பரமா அது? 160 ஆண்டுகளுக்கு முந்தைய வைகையை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால், அந்தப் படத்தால் அல்லவா?

பூமிக்குள் அதே கல்

படத்தின் அருமை நெய்வேலியில் நன்றாக விளங்கும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது.

நான்கு ஆண்டுகள் எதை வெட்டினார்கள்? நிலக்கரியின் மேல் மூடிக் கிடந்த மண்ணையும் கல்லையும்தான். அந்தக் கல் வேறு அல்ல. கேப்பர் மலையில் சிவந்து நிற்கும் அதே கடலூர் மணற்கல்! ராட்சதச் சக்கர இயந்திரங்கள் அதை அறுத்து எடுக்கின்றன. பக்கத்திலே மண் மேடுகள் புதிய குன்றுகளாக எழுந்தன. அவற்றின் மேல் மரக் கன்றுகளும் நட்டார்கள்.

சுரங்கத்தால் மின்சாரம் வந்தது. வேலை வந்தது. புதிய நகரமும் வந்தது. ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்த கிராமங்களும் வயல்களும் போயின. ஊரை விட்டுப் பெயர்ந்தவர் தம் பேரனிடம், "நம் வீடு இந்த மரத்தடியில் இருந்தது" என்று காட்ட இன்று மரமும் இல்லை, தடியும் இல்லை. கையில் ஒரு படம் இருந்தால் காட்டலாம்!

எடுப்பது எப்படி?

விலை உயர்ந்த காமிரா வேண்டாம். சில சங்கதிகள் தெரிந்தால் போதும்.

உச்சி வெயிலில் குன்றை எடுத்தால் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும். மேடு பள்ளம் எடுப்பாகத் தெரியும்.

பனியை எடுத்தால் படம் அழுக்காகத் தோன்றும். வெண்மையைக் கண்டு காமிரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதே காரணம். செல்போன் திரையில் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் பனி வெள்ளையாகும்.

குன்றின் பக்கத்தில் ஒரு ஆளோ மாடோ நின்றால் அதன் உயரம் விளங்கும்.

மணற்கல் விளிம்பில் நிற்காதீர்கள். அது இடிந்து விழும். வெள்ளக் காலத்தில் ஆற்றில் இறங்காதீர்கள். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். திருவக்கரைக் கல்மரத்தில் ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள். படம் மட்டும் போதும்!

இன்னும் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். அச்சுப் போட்டுப் பின்புறத்தில் ஊர், தேதி எழுதி வையுங்கள். குழந்தைகளையே எழுதச் சொல்லுங்கள்.

கரை மாறலாம். குன்று கரையலாம். ஆறு வற்றலாம். அந்தக் குழந்தைகள் தாத்தா பாட்டி ஆகும் காலத்தில், "எங்கள் கெடிலம் இப்படித்தான் இருந்தது" என்று எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்த மார்கழியில் பனி மீண்டும் வரும். விடியும் முன் எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி!