மெலிந்த காற்றில் கோல்ஃப்

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து சிம்லா செல்லும் கோல்ஃப் ஆர்வலர்கள் மட்டைப் பையையும் உடன் எடுத்துச் செல்வதுண்டு. சிம்லாவிலிருந்து 22 கி.மீ. தொலைவில், தேவதாருக் காட்டினிடையே அமைந்த நால்தேரா திடலே அவர்களை ஈர்ப்பது. அவ்விடத்தின் அழகில் மயங்கிய வைசிராய் கர்சன் பிரபு, 1904-இல் பிறந்த தம் மகளின் பெயரிலேயே ‘நால்தேரா’வைச் சேர்த்துவிட்டார்.

தில்லி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 215 மீட்டர் உயரம். நால்தேராவோ 2,000 மீட்டருக்கும் மேல். அங்குக் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து கூடுதல் தொலைவு பாய்கிறது. மகிழ்ச்சிதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் மலைத்திடலில் கிரீனைத் தாண்டிய பந்து சரிவில் உருண்டு மறைந்துவிடும். ஆகவே சமவெளியில் ஏழாம் எண் அயர்ன் எடுக்கும் தொலைவுக்கு அங்கு எட்டாம் எண்ணே போதும் என்பது நம் பரிந்துரை. மெல்லத் தட்டும் குறுந்தொலைவு அடிகளுக்கு இம்மாற்றம் வேண்டியதில்லை. வேகம் குறைந்த பந்தைக் காற்று எங்குமே அதிகம் தடுப்பதில்லை.

மெலிந்த காற்று பந்தைத் தூக்குவதும் குறைவு. பந்து தாழப் பறந்து, சாய்வாக இறங்கி, விழுந்த இடத்தில் நில்லாமல் ஓடும். எனவே கொடியை அன்றி, கிரீனின் முன்விளிம்பைக் குறிவைப்பதே நலம். வலப்புறம் வளைந்தோடும் பந்தால் அல்லலுறுவோர்க்கு மட்டும் ஓர் ஆறுதல்: அங்கு அவ்வளைவு சற்றே குறையும்.

கிரீனில் கண் ஏமாற்றும். சமதளமாகத் தோன்றும் இடமும் பெரும்பாலும் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்திருக்கும். குழியின் மறுபுறம் சென்றும் ஒருமுறை பார்த்த பின்னரே பந்தைத் தட்டுதல் நன்று.