சந்து எவ்வளவு அகலம்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக எழும் கிடங்குகளில் முதலில் கண்ணில் படுவது கூரையின் உயரம். ஆனால் உள்ளே எவ்வளவு சரக்கு அடங்கும் என்பதில் ரேக்குகளுக்கு நடுவே விடும் சந்துக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தச் சந்தின் அகலமோ, அதில் ஓடப்போகும் ஃபோர்க்லிஃப்டைப் பொறுத்தது. கட்டடத்தை முடித்துவிட்டு வண்டி வாங்கப் போகிறவர்கள் தலைகீழாக வேலை செய்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

எல்லோரும் பார்த்திருக்கும் வகை கவுன்டர்பேலன்ஸ். இது ஒரு சீசா பலகை போலத்தான்: முன்சக்கரம் நடுப்புள்ளி, ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் வண்டியின் பின்புறத்தில் பொருத்திய கனத்த இரும்பு. மின்சார வண்டியில் பேட்டரியின் கனமும் இதற்கு உதவுகிறது. லாரியிலிருந்து இறக்கலாம், ஏற்றலாம், வெளி முற்றத்திலும் ஓட்டலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2 டன் வண்டி என்றால் எந்த 2 டன்னையும் தூக்கும் என்று பொருளல்ல. சரக்கின் கனமையம் ஃபோர்க்கின் அடியிலிருந்து, வழக்கமாக 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தக் கணக்கு. நீளமான பெட்டி என்றால் மையம் முன்னே போகும், தூக்கும் திறன் குறையும். மிக உயரத்துக்கு ஏற்றும்போதும் குறையும். வண்டியில் பதித்திருக்கும் தகட்டில் இதெல்லாம் இருக்கிறது. அதைப் படிக்காமல், பின்பக்கம் தூக்கிக்கொள்கிறதே என்று இரண்டு ஆட்களை அங்கே ஏற்றி நிறுத்துவது ஆபத்தான வேலை.

கவுன்டர்பேலன்ஸ் திரும்ப ஏறத்தாழ 3.8 மீட்டர் சந்து வேண்டும். ரீச் டிரக்குக்கு 2.8 மீட்டர் அளவில் போதும். இதன் கால்கள் முன்னால் நீண்டிருக்கும். சரக்கை எட்டி எடுத்து, தன் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொள்ளும். ஆபரேட்டர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார். 10 மீட்டருக்கு மேலும் ஏற்றும் மாடல்கள் உண்டு. சக்கரம் சிறியது என்பதால் மேடுபள்ளமான முற்றத்துக்கு ஆகாது.

இன்னும் ஒடுங்கிய சந்துக்கு விஎன்ஏ, அதாவது 'வெரி நேரோ ஐல்' வண்டி. இது சந்துக்குள் திரும்புவதே இல்லை. ஃபோர்க் மட்டும் இடமும் வலமும் திரும்பும். தரையில் புதைத்த கம்பியோ ஓரத்துத் தண்டவாளமோ அதை நேராக நடத்தும். 1.8 மீட்டர் போதும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை ரேக் 2.2 மீட்டர் என்று கொண்டால், 60 மீட்டர் அகலக் கிடங்கில் கவுன்டர்பேலன்ஸுக்கு 10 வரிசை, ரீச் டிரக்குக்கு 12, விஎன்ஏவுக்கு 15. அப்படியானால் எல்லோரும் விஎன்ஏ வாங்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வண்டியின் விலை அதிகம். லாரிப் பக்கம் போய்ச் சரக்கு இறக்காது, அதற்கு இன்னொரு வண்டி வேண்டும். தரையும் கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தாக வேண்டும். 1.2 மீட்டர் இடைவெளியுள்ள சக்கரங்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தாலே, 12 மீட்டர் உச்சியில், ஃபோர்க்கைத் தாங்கும் மாஸ்ட் 30 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கும்.

பேலட்டை முழுசாக எடுக்காமல் பெட்டி பெட்டியாகப் பொறுக்கும் இணைய வணிகக் கிடங்குகளில் ஆர்டர் பிக்கர் பயன்படுகிறது. இதில் ஆபரேட்டரும் மேலே போகிறார். அதனால் முழு உடல் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். தரையோடு தரையாக நகர்த்த, கையால் இழுக்கும் பேலட் டிரக்கே போதும். மலிவு, 2.5 டன் வரை தாங்கும். சிறு குடோன்களில் பாதி வேலையை இதுவே முடித்துவிடும்.

டீசல் வண்டி திறந்த வெளிக்கு. உணவும் மருந்தும் இருக்கும் இடத்தில் பேட்டரிதான். பழைய லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏற 8 மணி நேரம் பிடிக்கும். ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் அந்த இடம் நல்ல காற்றோட்டமாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை டீ குடிக்கும் இடைவேளையிலும் சார்ஜ் போடலாம்.

வண்டிக்கு வண்டி ஆபத்தும் வேறு. உட்கார்ந்து ஓட்டும் கவுன்டர்பேலன்ஸ் கவிழ ஆரம்பித்தால் குதிக்கவே கூடாது. குதிப்பவர் மேல்தான் தலைக்கூண்டு விழும். பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கவிழும் பக்கத்துக்கு எதிரே சாய வேண்டும். பின்பக்கம் ஏறி நின்று ஓட்டும் வண்டி என்றாலோ, பின்னால் இறங்கி விலகிவிட வேண்டும்.