பதினேழு வயதிலேயே விண்ணப்பிக்கலாம்!

தேர்தல் நெருங்கினால் தலைவர்களின் பேச்சை வெட்டி ரீல்ஸ் போடுவதும், மீம்ஸில் எல்லாக் கட்சியையும் வறுத்தெடுப்பதும் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள்தான். இவர்களுக்கு அரசியல் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால், 2024 மக்களவைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடிப் பேர்தான். நாட்டில் அந்த வயதில் இருப்போரில் இது 40 விழுக்காட்டுக்கும் குறைவு.

வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். ஆனால், ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஜனவரி 2-ல் பிறந்தவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்; இடையில் தேர்தல் வந்தால் வேடிக்கைதான் பார்க்கலாம். 2021-ல் திருத்தப்பட்ட சட்டம் 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து இதை மாற்றியது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள். 17 முடிந்தவர்கள் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம்.

விதி தளர்ந்த பிறகும் பட்டியல் நிரம்பவில்லையே? சோம்பேறித்தனம் என்று பிள்ளைகளைத் திட்டிவிடுவது சுலபம். வெளியூர்ப் படிப்பும் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ, கல்வி நிறுவனத் தலைவரின் சான்றோடு விடுதி முகவரியிலோ பதிவுசெய்யலாம்; ஏதேனும் ஓர் இடத்தில் மட்டும். இந்த வசதி பல மாணவர்களின் காதுக்கே எட்டுவதில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கல்லூரிகளின் வேலை.

விண்ணப்பத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே போடலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று, ஒரு புகைப்படம் போதும். பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து சரிபார்ப்பார்.

பட்டியலில் பெயர் இருப்பது ஓட்டுக்கு மட்டுமல்ல. கிராம சபையின் உறுப்பினர்கள் அந்த ஊராட்சியின் வாக்காளர்கள்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில், தெருவிளக்கு எரியாததற்கு மீம் போட்டவர் எழுந்து நின்று ஊராட்சியின் கணக்கையே கேட்கலாம். 21 வயதானால் வார்டு உறுப்பினர் பதவிக்கே நிற்கலாம். சட்டமன்றத்துக்குத்தான் 25 ஆக வேண்டும்.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் புதிய பெயரைச் சேர்க்க முடியாது. தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே படிவம் 6-ஐப் போட்டுவிடுங்கள்.