பாலாற்றங்கரையில் பசுமை வேலை

உட்காருங்கள் தம்பி, டீ சொல்லியாயிற்று. பசுமைத் தொழில்நுட்பத்தில் பணம் போட்டால் நம் பக்கம் வேலை வருமா என்று கேட்டீர்கள். சோலார் தகடு, காற்றாலை என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு ஓடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களில் பசுமை வேலை ஏற்கெனவே பல வருடங்களாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கிற இடம் தோல் பதனிடும் ஆலைகளின், அதாவது தோல்ஷாப்புகளின், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே எல்லாருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்காக மண்ணையும் நீரையும் கெடுக்க உரிமை இல்லை என்றும் சொன்னது. சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல்ஷாப்புகளை மூடச் சொன்னது. வேலையா, பாலாறா என்று அன்று ஊரே பதறியது. தோல்ஷாப்புகள் பிழைத்ததற்குக் காரணம் சுத்திகரிப்பில் போட்ட பணம் என்பதே என் கருத்து.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பதைக் கேளுங்கள். பல தோல்ஷாப்புகளின் கழிவுநீர் குழாய் வழியே ஒரே இடத்துக்கு வரும். கசடு அடியில் படியும். காற்றை ஊதி வளர்த்த நுண்ணுயிர்கள் மீதி அழுக்கைத் தின்னும். ஆனால் உப்பு மட்டும் போகாது. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, ஊறப்போடும்போதே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அதைப் பிரிக்க, தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீர் தோல்ஷாப்புக்கே திரும்பும். மிஞ்சும் உப்புநீரைப் பாலைச் சுண்டக் காய்ச்சுவதுபோல ஆவியாக்குவார்கள். ஒரு கலத்தில் எழும் ஆவியே அடுத்த கலத்தைச் சூடாக்கும். அப்படிச் சிக்கனம் பிடித்தும் மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகின்றன.

வேலூர் வெயில் இங்கேதான் உதவ வேண்டும். தோல்ஷாப்புக் கூரையிலும் ஷூ கம்பெனிக் கூரையிலும் சோலார் போட்டுத் தண்ணீரைத் தள்ளும் பம்புகளை ஓட்டினால் சுத்திகரிப்புச் செலவு குறையும். செலவு குறைந்தால், கழிவை ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஆசையும் குறையும். தகடு மாட்டும் வேலை சில மாதங்களில் முடிந்துவிடும். பம்ப், சவ்வு, கொதிகலன், ஆய்வுக்கூடம் ஆகியவற்றுக்கு ஆள் வருடம் முழுக்க வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இது உள்ளூரிலேயே நிலைக்கிற வேலை.

பசுமை வேலை என்பதாலேயே அது நல்ல வேலை ஆகிவிடாது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுநீர்க் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல்ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சாவு நடந்திருக்கவே கூடாது. முதலீட்டுக் கணக்கில் தொட்டியின் உறுதியும் தொழிலாளி படுக்க நல்ல இடமும் முதல் வரியில் வர வேண்டும்.

கழிவு வருவதையே குறைக்கவும் வழி உண்டு. தண்ணீரே இல்லாமல் தோலுக்குக் குரோம் ஏற்றிப் பதனிடும் முறையைச் சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. ஊறவைக்கும் முன் தோலிலுள்ள உப்பை உதறி எடுப்பதும் பெரிய உதவி. ஆனாலும் ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பு, வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. அதை வகை பிரித்துச் சுத்தமாக்கினால் திரும்பத் தோலுக்கே போடலாம். உங்கள் தங்கை வேதியியல்தானே படிக்கிறாள்? அந்த உப்பைப் பிரிக்கும் ஆலையை இங்கே யாராவது கட்டினால், வேலை தேடி அவள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்காது.