முதுகில் போடும் ஊசி: பயம் தேவையா?



"சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அன்னைக்குப் பிடிச்ச வலி இன்னும் விடலை." நம் வீடுகளில் யாராவது இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். இதைக் கேட்டு வளர்ந்த பெண்கள், சிம்மக்கல்லில் இருந்து ஏ.வி. பாலத்தைக் கடந்து கோரிப்பாளையம் பக்கம் அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போனாலும், தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், அறுவை சிகிச்சையைவிட அந்த ஊசிக்கே பயப்படுகிறார்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் குடும்பங்களும் உண்டு. அவசர நேரத்தில் அந்தத் தயக்கம் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம்.

இடுப்பின் இரு பக்கமும் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். வளைந்த எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். நாம் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைக்கும்போது அது உட்காருவது இதன்மேல்தான். மருத்துவர்கள் இதை 'இலியாக் கிரெஸ்ட்' என்பார்கள்.

இரு பக்க விளிம்புகளின் உச்சியையும் முதுகின் குறுக்கே ஒரு கோடாக இணைத்தால், அது ஏறக்குறைய நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் மீது செல்லும். தண்டுவடமோ பெரியவர்களுக்குப் பொதுவாக முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டுமே நீரில் மிதக்கின்றன. ஊசி போடும் முன் மயக்க மருத்துவர் இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்ப்பது, தண்டுவடத்தில் படாத இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் 1898-இல் செய்து காட்டிய இந்த முறை இன்று உலகெங்கும் உள்ளது.

ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. கால் மரத்தே இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளரும் மூட்டு இணைப்புகள், வயிற்றின் பாரம், குனிந்தபடி பாலூட்டுவது ஆகியவை முதுகை வருத்துகின்றன. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இந்த வலி வருவதைப் பார்க்கிறோமே!

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆகவே கணவரும் மாமியாரும் சேர்ந்து, சந்தேகங்களை மாதாந்தரப் பரிசோதனையின்போதே கேட்டுத் தெளிவோம். இரத்தம் உறையாமை, அதற்கான மாத்திரை போன்றவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

வல்ல அல்லாஹ் நம் பெண்களுக்குப் பேறுகாலத்தை இலேசாக்கித் தருவானாக! ஆமீன்.