‘ஃபெலோஷிப்’ என்னும் சொல்

ஆராதனை முடிந்தபின் தேநீர் அருந்துவதை நாம் ‘ஃபெலோஷிப்’ என்கிறோம். வாலிபர் கூடிப் பாடுவதையும் அவ்வாறே அழைக்கிறோம். இத்தனை எளிதாக நம் நாவில் வழங்கும் இவ்வாங்கிலச் சொல் பிறந்த இடம் மாட்டுத் தொழுவமாகும்.

பழைய நார்ஸ் மொழியில் ‘ஃபே’ என்பது கால்நடையையும், அதுவே செல்வமாயிருந்தமையால் உடைமையையும் பணத்தையும் குறித்தது. (பழந்தமிழில் ‘மாடு’ என்பதற்குச் செல்வம் என்னும் பொருளுண்டு, வள்ளுவரும் அதனை அப்பொருளில் ஆண்டுள்ளார்.) இதனோடு ‘வைத்தல்’ என்னும் பொருள்தரும் அடி சேர்ந்து ‘ஃபேலாகி’ ஆயிற்று. தன் உடைமையைப் பிறன் உடைமையோடு ஒன்றாக வைத்தவன் என்பதே அதன் பொருள். பணத்தில் தொடங்கிய இவ்வுறவு பணத்தோடு நின்றுவிடவில்லை. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்து ரூனெழுத்துக் கல்லொன்று, அரசர்கள் பொருதபோது மாண்ட தங்கள் ‘ஃபேலாகி’யின் நினைவாக நால்வர் நாட்டியதாகும்.

வடவர் இங்கிலாந்தில் குடியேறவே சொல்லும் உடன் குடியேறிற்று. 1016ஆம் ஆண்டில் எட்மண்டும் கனூட்டும் நாட்டைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்தபோது, அவர்களைக் குறிக்க ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டின் ஒரு படி இச்சொல்லையே கையாளுகிறது. பிற்காலத்தில் ‘ஃபெலோ’ என்பது இகழ்ச்சியாக ‘ஆள்’ என்ற அளவுக்குத் தாழ்ந்ததும் உண்டு.

வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 2:42இல் வரும் ‘கொய்னோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘ஃபெலோஷிப்’ என்றே எழுதினார். பொருத்தமான தேர்வென்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் அடுத்துவரும் வசனங்கள் விசுவாசிகள் தங்கள் உடைமைகளை விற்றுப் பகிர்ந்ததையே கூறுகின்றன. மேலும், ரோமர் 15:26இல் எருசலேமின் ஏழைகளுக்கென்று திரட்டிய பணத்துக்கும் பவுல் அதே கிரேக்கச் சொல்லை வழங்குகிறார். ஆனால் 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் அங்கே ‘நன்கொடை’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லை இட்டது. நம் தமிழ் வேதாகமத்திலும் ஒரே சொல் ஓரிடத்தில் அந்நியோந்நியம், ஓரிடத்தில் ஐக்கியம், ஓரிடத்தில் தர்ம சகாயம் எனப் பிரிந்து நிற்கிறது. இதனால் ஐக்கியத்திற்கும் பணப்பைக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் வாசிப்போர்க்கு எளிதில் உண்டாகிறது.

‘ஐக்கியம்’ என்பது ஒன்றாயிருத்தலைச் சொல்லும். எதை ஒன்றாக வைத்தோம் என்பதைச் சொல்லாது. ‘ஃபேலாகி’க்கு நெருங்கிய சொல் நம் வேதாகமத்தில் இல்லாமலுமில்லை. லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் ‘கூட்டாளிகள்’ எனப்படுகின்றனர். அங்கே கிரேக்கத்திலுள்ளது ‘கொய்னோனியா’வின் இனச்சொல்லே; அவர்களிடையே பொதுவாயிருந்ததோ மீன்பிடி தொழில்.