அறைக்குள் ஒரு போலிக் கைது

கைப்பேசி ஒலிக்கிறது. கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல். நம் பெயரில் அனுப்பப்பட்ட பொதியில் போதைப்பொருள் இருந்ததாம். அழைப்பு உடனே ‘காவல் அதிகாரி’க்கு மாற்றப்படுகிறது. வாட்ஸ்அப் காணொளியில் சீருடை, பின்புறம் அரசு முத்திரை. சில வேளைகளில் நீதிமன்றம் போன்ற அரங்கமே தெரியும். அறையைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும், எவரிடமும் பேசக் கூடாது, கேமராவை அணைக்கக் கூடாது என்று கட்டளைகள் வருகின்றன. முடிவில், ‘சரிபார்ப்புக்காக’ச் சேமிப்பு முழுவதையும் வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள்.

இதற்கு மோசடியாளர்கள் சூட்டிய பெயர் ‘டிஜிட்டல் கைது’. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இதைக் குறித்து எச்சரிக்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள். அவர்களை விவரம் அறியாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் முறையன்று. சட்டத்துக்கு அஞ்சி வாழும் நல்லியல்பையே மோசடியாளர்கள் பிடிகயிறாக்கிக்கொள்கிறார்கள்.

நம் பழக்கங்கள் மாறியதும் அவர்களுக்கு வசதியாயிற்று. முன்பெல்லாம் பெருந்தொகை எடுக்கக் கிளைக்குச் செல்ல வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். காசோலை என்றால் பணமாகச் சில நாள்கள் பிடிக்கும். அந்தத் தாமதத்தை எத்தனை முறை நொந்துகொண்டோம்! 2016இல் யுபிஐ வந்தது. 2025 ஆகஸ்டில் அதன் வழியே ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் வாங்கி வந்த காலம் மலையேறிவிட்டது. அதற்காக வருந்துவோர் எவருமிலர். பெருந்தொகைக்கான ஆர்டிஜிஎஸ் சேவையும் 2020 டிசம்பர் முதல் இரவு பகல் பாராது இயங்குகிறது. நள்ளிரவில் அச்சுறுத்தப்பட்டவர் நள்ளிரவிலேயே பணத்தை அனுப்பிவிட முடிகிறது. விடியும்வரை காத்திருந்தால், மகளோ அண்டை வீட்டாரோ ஒரு சொல் கேட்டிருப்பார்கள்.

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடிக்கப் பதற்றத்துடன் வந்த முதியவரிடம், “இவ்வளவு அவசரம் எதற்கு, ஐயா?” என்று கிளை ஊழியர் கேட்டதால் சேமிப்பு தப்பிய செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம். ‘என் பணம், இவருக்கென்ன?’ என்று சிலருக்கு எரிச்சல் வரலாம். வந்தாலும் பரவாயில்லை, கேட்கத்தான் வேண்டும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். அங்குப் பதிவாகும் புகார் தொடர்புடைய வங்கிகளுக்குச் செல்கிறது. கணக்கில் எஞ்சியிருக்கும் தொகையை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. மோசடியாளர்களோ வந்த பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்து விரைந்து எடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவமானம் என்று இரண்டு நாள் மறைத்து வைப்பவர் புகார் தரும்போது, முடக்குவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை.